இருபதுக்கு மேல் போகாத பகலவன் அண்ணன்

பகலவன் அண்ணன் இதுவரை அறுபதாயிரம் கார் ஓட்டியிருக்கிறார். இது நான் அளந்துவிடுகிற கதை இல்லை. அவரே என் கடையில் உட்கார்ந்து கால்குலேட்டரில் தட்டிக் காட்டியது. எல்லாமே புதுக் கார், சீட்டு மேல் பாலிதீன் உறைகூடப் பிரிக்காத கார். ஆனால் அந்த அறுபதாயிரத்தில் ஒன்றைக்கூட அவர் ரோட்டில் ஓட்டியதில்லை. இந்த இரண்டாவது விஷயம் போன டிசம்பர் வரைக்கும் வியாசர்பாடியில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான். அன்றைக்குப் பிடித்த சனியன் ஜனவரி பாதி வரைக்கும் என்னை விடவில்லை.

என் பெயர் கீர்த்தி. ஜீவா ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருக்குமே தவிர, ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, எல்.எல்.ஆர்., இ-பாஸ் என்று கம்ப்யூட்டரில் ஆகிற வேலை எல்லாம் செய்வேன். இந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேருடைய உண்மையான வயசு எனக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதால்தான் கடை ஓடுகிறது. வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு பெரிய பேஜாராக முடியும் என்று அதற்கு முன்னால் நான் நினைத்ததில்லை.

அண்ணனுக்கு எண்ணூர் துறைமுகத்தில் வேலை. ஏற்றுமதிக்கு வருகிற கார்கள் அங்கே ஒரு பெரிய மைதானத்தில் வரிசையாக நிற்கும். கப்பல் வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலின் வயிற்றுக்குள் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு இறங்கினால் ஒரு வேன் வந்து எல்லா டிரைவர்களையும் மறுபடி மைதானத்துக்கு அள்ளிக்கொண்டு வரும். அடுத்த கார். ஒரு ஷிப்டில் நாற்பது கார் போகும். பாதி வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அண்ணனுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் விட வேண்டும். எதிரே ஒரு ஆள் விசிலும் வாயுமாக நின்று, வா, இன்னும் வா, கொஞ்சம் ஒடி, நில் என்று கையைக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அண்ணன் தலைமுடி அளவு பிசகாமல் நிறுத்துவார். பதினாலு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அதற்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு கோடவுனில் சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்தே தெருவில் அவருக்கு ‘டிரைவர் பகலவன்’ என்றுதான் பெயர்.

அந்த டிரைவர் பகலவன் போன நவம்பர் கடைசியில் சொந்தமாக ஒரு கார் வாங்கினார். வெள்ளை நிறத்தில் சின்னக் கார்.

வண்டி வந்த அன்றைக்கு ஷோரூம் ஆள்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். அண்ணனும் அவர் பெண்டாட்டி செங்கொடி அக்காவும் பின் சீட்டில் மாப்பிள்ளை பெண் மாதிரி உட்கார்ந்து வந்தார்கள். “தெனம் ஓட்டறவன் நானு, இன்னிக்கி ஒரு நாளு மொதலாளி மாரி குந்திகினு வரலாம்னுதான்” என்று அண்ணன் சொன்னார். அட, நல்ல ஆசைதானே என்று நாங்களும் நம்பினோம். ஹவுசிங் போர்டு சந்து முனையில் ஷோரூம் ஆள் வண்டியை நிறுத்திவிட்டு, இதற்கு மேல் என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டார். உள்ளே தண்ணீர்த் தொட்டிக்கும் கரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு பொந்து இருக்கிறது, வண்டியை அதில்தான் நிறுத்த வேண்டும். அங்கே ஆட்டோவையே இரண்டு பேர் பிடித்துத்தான் தள்ளுவார்கள்.

அண்ணன் இறங்கினார். மோதிரத்தைக் கழற்றினார், வாட்சைக் கழற்றினார், இடுப்பு பெல்ட்டைக்கூட உருவி அக்கா கையில் கொடுத்தார். வண்டியில் உரசக் கூடாதாம். கண்ணாடி இரண்டையும் மடக்கினார். டீக்கடை சாலமனைக் கூப்பிட்டு, “நீ அங்க நின்னு சும்மா கைய காட்டு மாமு” என்றார். அப்புறம் ரிவர்ஸில் ஒரே மூச்சாகப் போய், தொட்டிக்கு நாலு விரல், கரண்டு பெட்டிக்கு நாலு விரல் விட்டு நிறுத்திவிட்டு, டிக்கிக் கதவைத் திறந்து அதன் வழியாக நெளிந்து வெளியே வந்தார். தெருவே கை தட்டியது. சாலமன் விசிலடித்தான். டயரில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, “அத்த ஜூஸ் போட்டு குடு, எல்லாருக்கும் தாகமா கீது” என்று அக்கா பதில் சொன்னாள். அவர்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது. வண்டிக்குள் ஒரு சின்ன புத்தர் சிலையை ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு சாயங்காலமே அக்கா அறிவித்துவிட்டாள். பிப்ரவரியில் ஆறு நாள் லீவு வாங்கியாகிவிட்டது. இரண்டு பேரும் காரிலேயே போகப் போகிறார்கள். சேலம், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், நாடுகாணி, நிலம்பூர், அப்படியே இறங்கிக் கோழிக்கோடு. மலை, காடு, தேயிலை எல்லாம் பார்த்துக்கொண்டே இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு.

“நான் பொறந்ததே காசிமேடு. சூரியன் கடல்லேர்ந்து வர்றத வயசு முழுக்க பாத்துகினுகீறேன்” என்றாள் அக்கா. “அது கடலுக்குள்ள எறங்கறத ஒரே ஒரு தபா பாக்கணும். இவுரு கூட பாக்கணும்.”

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கோணலாக இருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில் கடைக்கு வந்தார். கையில் ஒரு சார்ட் பேப்பர். விரித்தால், கப்பலில் எந்தத் தட்டில் எத்தனை கார் என்று போடுகிற மாதிரி கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஊர்ப் பெயர் எழுதியிருந்தார். இதை அழகாக டைப் அடித்துத் தர வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் என்றார்.

“மொத்தம் எழுநூறு கிலோமீட்டரு. மணிக்கு இருபது. அப்ப முப்பத்தஞ்சு அவரு. ஒரு ஷிப்டுக்கு எட்டு அவரு போட்டா, போய்ச் சேரவே அஞ்சு நாளு. லீவே ஆறு நாளுதான். அப்பால திரும்பி எப்டி வர்றது? இதான் எனக்கு பிரியல கீர்த்தி. ஜனங்கள்லாம் எப்டி போய்ட்டு வந்துகினுகீறாங்க?”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. நிஜமாகவே புரியாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்ணா இருபது போட்டுகீற? பஸ்ஸே எண்பதுல போவுது.”

“அதுக்கு மேல போனா கேட் பாஸ புடுங்கிடுவாங்க.”

“அது துறைமுகத்துக்குள்ளணா! ரோட்ல யாரு வந்து புடுங்கப் போறா?”

 அண்ணன் சார்ட்டை மெதுவாகச் சுருட்டினார். கடைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மூணாவது கியரு நான் போட்டதே இல்ல கீர்த்தி.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது விளங்கியது. மைதானத்திலிருந்து கப்பலுக்கு முக்கால் கிலோமீட்டர். முதல் கியர், இரண்டாவது கியர், அதோடு சரி. லைசென்ஸ் எடுத்தது இருபத்திரண்டு வயசில், அதுவும் ஒரு மைதானத்தில் ஓட்டிக் காட்டி. அதற்குப் பிறகு நாலு சக்கரத்தோடு அவர் ரோட்டையே தொட்டதில்லை.

“பைக்குல தெனம் எண்ணூர் போய்ட்டு வர்றல்ல?”

“பைக்கு வேற. காரு ரோட்ல போனா எனக்கு எவன் கை காட்டுவான்?”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவர் கண் கலங்கியிருந்தது. அக்காவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். பதறிப்போய் என் கையைப் பிடித்தார். இருபது வருஷமாக அவள் போகிற இடமெல்லாம் எங்க வூட்டுக்காரரு டிரைவர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கார் வாங்கினதும் வேலை செய்கிற இடத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்து, அவரே கோழிக்கோடு வரைக்கும் ஓட்டப் போகிறார் என்று சொல்லிவிட்டாள். இப்போது போய் எனக்கு ஓட்டத் தெரியாது என்று எந்த மூஞ்சியோடு சொல்வது? “உன்ன என் கூடப் பொறந்தவளா நென்ச்சி சொல்லிகீறேன். யாராண்டையும் வாயத் தொறக்காத” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

இந்த ஒன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த இரண்டாம் நாள் அக்கா வந்தாள்.

செங்கொடி அக்கா மின்ட் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை செய்கிறாள். ஊசி குத்தினதே தெரியாது, அப்படி ஒரு நிதானமான கை. வந்தவள் கடையில் ஆள் போகிற வரைக்கும் காத்திருந்து, ஆதார் கார்டை எடுத்து நீட்டி, வண்டி பழக எல்.எல்.ஆர். போடு என்றாள்.

“யாருக்குக்கா?”

“எனக்குத்தான். எழுநூறு கிலோமீட்டரும் அவுரு ஒருத்தரே ஓட்டணும். அவருக்கு இடுப்பு வலி வேற. பாதி தூரம் நான் புடிச்சிகினா அவுரும் நாலு எடத்த நிம்மதியா பாப்பாருல்ல? யேசுதாஸ் சாரு டிரைவிங் ஸ்கூல்ல பேசிட்டேன். அவராண்ட மட்டும் சொல்லிடாத. அவ்ளோ பெரிய டிரைவர வூட்ல வெச்சிகினு ஸ்கூல்ல காசு கட்டறியான்னு சிரிப்பாரு. கத்துகினு அப்பால நானே சொல்றேன். சத்தியம் பண்ணு.”

நானும் சத்தியம் பண்ணித் தொலைத்தேன். வேறு என்ன செய்ய? ஃபாரத்தை நிரப்பும்போது அவள் பிறந்த தேதியையே தப்பாக அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேர் என்னிடம் வந்து ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே விஷயத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் போனால், நான் எந்தச் சாவியை எந்தப் பூட்டில் போடுவது? அவளிடம் சொன்னால் அவர் மானம் போகும். அவரிடம் சொன்னால், பெண்டாட்டி கியர் மாற்றுகிறாள், நமக்குத் தெரியவில்லையே என்று மனுஷன் உடைந்துபோவார். சொல்லாமல் விட்டாலோ, வீம்புக்கு வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிடுவார்களோ என்று பயம். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஏன் இளைத்துவிட்டாய் என்று என் அம்மா கேட்டதற்கு, கம்ப்யூட்டர் பார்க்கிற கண் எரிச்சல் என்றேன். சாப்பாட்டுக்கும் கண்ணுக்கும் என்னடி சம்பந்தம் என்று அவளும் குழம்பிப்போனாள்.

அண்ணனோ ஓட்டிப் பழகுவதை விட்டுவிட்டுப் பயணத்தைச் சுருக்க ஆரம்பித்தார்.

முதலில் இ-பாஸ். “ஊட்டிக்கு இ-பாஸு கெடைக்கலன்னு ஒரு வார்த்த சொல்லேன் கீர்த்தி” என்று கெஞ்சினார். அது ஆன்லைனில் இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும், அக்காவுக்கும் தெரியும், நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். உடனே மலையே வேண்டாம், கூடலூரில் யானை இறங்குகிறதாம், பாலக்காடு வழியாகச் சமதரையில் போகலாம் என்று ஒரு புது பிளான். அதை டைப் அடித்து, பாலக்காடு வரைக்கும் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அதுவும் போயிற்று. கேரளாவில் வெயில் அதிகமாம், ஏற்காடு மட்டும் போதுமாம். பிப்ரவரியில் என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஏற்காடு வேலூர் கோட்டை ஆகிவிட்டது. நாலாவது பிளானுக்குக் கட்டம்கூடப் போடவில்லை.

பொங்கல் கழிந்த மறுநாள் வந்தார்.

“பழவேற்காடு போட்டுடு.”

“அண்ணா, பழவேற்காடு அம்பது அறுவது கிலோமீட்டரு. பஸ்ஸுல போய்ட்டு மத்தியானம் சோத்துக்கு வந்துடலாம்.”

“அங்க ஏரி மேக்கால கீது. சூரியன் ஏரில எறங்கும். பாத்தா கடலு மாரிதான் தெரியும்.”

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பழவேற்காடு என்று அடித்து அரைப் பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு நாள் குறிக்க வேண்டும். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவள், நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வீட்டில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“இன்னா சொல்ல? சரின்னேன்” என்றாள். “பழவேற்காடு கூட வாணாம், வூட்லயே கெடக்கலாம்னாலும் சரின்னுதான் சொல்லப் போறேன்.”

“அப்ப டெஸ்ட்டு எதுக்குக்கா?”

“காசு கட்டிட்டேனே” என்று எழுந்து போய்விட்டாள். அவள் முகம் ஏன் அப்படிச் செத்துப்போயிருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. பயணம் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் ஒரு ஊட்டி போனதற்கு இவ்வளவா?

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை அண்ணனைப் பிடித்தேன். “நாளைக்கி காலைல வண்டிய எடுத்துகினு இருநூறடி ரோட்டுக்கு வர்ற. நான் பக்கத்துல குந்திகினு வர்றேன். வரலேன்னா நேரா அக்காவாண்ட போய் எல்லாத்தையும் ஒடச்சிடுவேன். சத்தியமாவது ஒண்ணாவது!” என்று கத்திவிட்டேன். எனக்கும் கார் ஓட்டத் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மணலி இருநூறடி ரோட்டில் டிரெய்லர் குறைவாக ஓடும் என்று யேசுதாஸ் சார் தன் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். அக்காவுக்கும் நாளைக்கு வகுப்பு உண்டு. இதை அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தேனா, பயத்தில் விட்டுவிட்டேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

லேபில் இலவச முகாம் என்று சொல்லிவிட்டு அக்கா ஐந்தரைக்கே கிளம்பினாளாம். அண்ணனுக்கு அதில் ஒரே நிம்மதி. ஆறேகால் மணிக்கு நான் வண்டியில் ஏறினேன்.

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்ல! இரண்டாவது கியரில் வண்டி கதறியது. முள் இருபதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து, பக்கத்தில் வரும்போது எட்டிப் பார்த்து எங்கள் இரண்டு குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். யாராவது கையைத் தூக்கினால் போதும், அண்ணன் சட்டென்று நிறுத்திவிடுவார். பதினாலு வருஷத்துப் பழக்கம், கால் தானாகப் பிரேக்கில் போய் விழுகிறது. மூலக்கடையில் போலீஸ்காரர் வேறு யாருக்கோ கை காட்டினார், நாங்கள் நின்றோம். எதிர்ப்பக்கம் ஒருத்தன் தோஸ்தைப் பார்த்துக் கையாட்டினான், நாங்கள் நின்றோம். மாதவரம் தாண்டி ஒரு அம்மா ஷேர் ஆட்டோவுக்குக் கை நீட்டினாள். நாங்கள் நின்றதும் பின் கதவைத் திறந்து கூடையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“மணலி மார்க்கெட்டு போவும்ல?”

இது ஆட்டோ இல்லையம்மா என்று நான் இறக்கிவிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “அப்ப எதுக்குடா நிறுத்தின, கஸ்மாலம்” என்று திட்டிக்கொண்டே போனாள். அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. 

“மூணாவது போடுணா. ரோடு காலியாத்தான் கீது” என்றேன்.

கியரில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கார் வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, சீராக எங்களைத் தாண்டிக்கொண்டு போனது. மேலே சிவப்பு எழுத்தில் எல் போர்டு. யேசுதாஸ் சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டிக்கொண்டு போனது செங்கொடி அக்கா. அறுபதில் போயிருப்பாள். தாண்டும்போது எங்கள் நம்பரைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம் போய் ஓரம் கட்டினாள்.

அண்ணன் நிறுத்திவிட்டார். இந்தத் தடவை யாரும் கை காட்டவில்லை.

அக்கா இறங்கி வேகமாக நடந்து வந்தாள். பின்னாலேயே யேசுதாஸ் சார். அவள் கோபமாக வருகிறாள் என்று நான் பயந்தேன். பக்கத்தில் வந்தபோதுதான் தெரிந்தது, அவள் மாட்டிக்கொண்ட பயத்தில் வருகிறாள். அண்ணன் பக்கத்துக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினாள்.

“நீ கோச்சிக்காத. உனக்கு இடுப்பு நோவும்னுதான் கத்துகினேன். இப்ப அதுக்கும் வேலையில்ல, நாமதான் எங்கியும் போகலியே. காசு கட்டிட்டேன்னுதான் வந்துகினுகீறேன்.” மூச்சு வாங்கினாள். பெருமையை அடக்க முடியவில்லை. “ஆனா நாலாவது கியருல வந்தேன், பாத்தியா? கரீட்டா போட்டனா?”

யேசுதாஸ் சார் சிரித்தார். “உங்க தெரு டிரைவரே இவரு, இவரு சொன்னா அப்பீலே இல்ல. சொல்லுங்க பகலவன் சார், எப்படி ஓட்டினாங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வண்டியை அணைத்தார்.

“எனக்குத் தெரியாது செங்கொடி. நான் நாலாவது போட்டதே இல்ல. மூணாவதும் போட்டதில்ல. ரோட்ல ஓட்டத் தெரியாது எனக்கு.”

யேசுதாஸ் சாரின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அக்கா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் அண்ணன் பக்கம் குனிந்தாள். 

“அதனாலதான் பழவேற்காடா?”

“ஆமா.”

“ஏற்காடு, வேலூரு எல்லாம் அதனாலதானா?”

“ஆமா செங்கொடி.”

அவ்வளவுதான், அக்கா அந்த ரோட்டோரத்திலேயே அழுதுவிட்டாள். லேபில் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்கிறவள், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள். “நான் இன்னா நென்ச்சேன்னு தெரியுமாய்யா உனக்கு? ஆறு நாளு என் கூட தனியா குந்தியிருக்க உனக்குப் புடிக்கலன்னு நென்ச்சேன். ஒவ்வொரு தபாவும் தூரத்த கொறச்சிகினே வந்தியா, இருபது வருசம் ஆச்சி, நான் சலிச்சிட்டேன் போலன்னு நென்ச்சேன். ஒன்றர மாசமா அதையே நென்ச்சிகினு பக்கத்துல படுத்துகினு இருந்தேன்யா.”

 டிரைவர் என்ற பெயர் போவதைப் பற்றித்தான் அந்த மனுஷன் இத்தனை நாள் பயந்தாரே தவிர, அவள் இப்படி நினைப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் ரகசியமும் என் கையில் இருந்தது, ஆனால் நடுவில் இருந்த அந்த மூன்றாவது விஷயம் எனக்குத் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அண்ணன் கதவைத் திறந்து இறங்கி அவள் தோளைப் பிடித்தார். அப்புறம் யேசுதாஸ் சார் பக்கம் திரும்பி, “சார், எனக்கும் ஒரு அட்மிஷன் போடுங்க” என்றார்.

அதற்குப் பிறகு நாலு வாரம் இரண்டு பேரும் காலையில் மாறி மாறிப் பழகினார்கள். நடுவில் அக்கா டெஸ்ட்டில் தேறி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். சமதரையில் அக்கா பாதி, அண்ணன் பாதி. மலைக்கு மட்டும் மேட்டுப்பாளையத்தில் ஒரு உள்ளூர் டிரைவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யேசுதாஸ் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுருக்கின பிளான்களை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, முதல் பிளானையே நான் பிரிண்ட் எடுத்தேன். இ-பாஸ் இரண்டு நிமிஷத்தில் வந்தது.

பிப்ரவரியில் அவர்கள் கிளம்பின அன்று காலை ஐந்து மணிக்குத் தெருவே கூடியிருந்தது. ரோட்டில் நடந்தது எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தப் பொந்திலிருந்து வண்டியை வெளியே எடுத்ததென்னவோ அண்ணன்தான், வழக்கம் போல நாலு விரல் இடைவெளி. சந்து முனையில் நிறுத்தி இறங்கினார். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். அக்கா ஸ்டியரிங் பக்கம் ஏறினாள்.

“இன்னா டிரைவரே, பக்கம் மாறி குந்திகினுகீற?” என்று சாலமன் டீ கிளாஸோடு சிரித்தான். “எக்ஸ்போர்ட் வண்டின்னு நென்ச்சிட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அக்காகூட அதைத்தான் எதிர்பார்த்தாள், சாவியைத் திருகப் போன கை அப்படியே நின்றது. அவர் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

“இல்ல மாமு. எனக்கு ரோட்ல ஓட்டத் தெரியாது. ஒரு மாசமாத்தான் கத்துகினுகீறேன். இவ என்னவிட நல்லா ஓட்டுவா. அதான் ஊரு தாண்டற வரைக்கும் இவளே ஓட்டட்டும்னு சொல்லிட்டேன்.”

சாலமன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.  அக்கா யாரையும் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அப்புறம் வண்டியைக் கிளப்பினாள். பதற்றத்தில் கிளட்சை சட்டென்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அடுத்த தடவை கிளம்பிவிட்டது.